பனி கொட்டும் மலையில் வறளும் கண்ணிமை

மார்கழியும் தையும் ஜவ்வாது மலையில் பனி கொட்டும் மாதங்கள். விடியும்போது புல் நனைந்திருக்கும், ஓட்டுக் கூரையிலிருந்து நீர் சொட்டும். அதே விடியலில் அங்கிருப்பவர்களுக்கு உதடு வெடிக்கும், கன்னம் சாம்பல் பூக்கும், கண்ணைச் சுற்றிய தோல் இழுத்துக் கட்டியதுபோல் எரியும். இவ்வளவு ஈரம் கண்ணெதிரே இருக்கும்போது தோல் ஏன் வறள வேண்டும்? விடை காற்றின் கொள்ளளவில் இருக்கிறது. 10 டிகிரி செல்சியஸ் குளிரில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 9 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அதற்கு மேற்பட்டது பனித்துளியாகப் படிந்துவிடும். அந்தக் காற்று முகத்தை உரசி, தோலின் சூட்டில் 32 டிகிரியை எட்டினால் அதன் கொள்ளளவு சுமார் 34 கிராமாக உயர்ந்துவிடுகிறது. இருப்பு 9, இடம் 34. பற்றாக்குறையை அது பக்கத்திலிருக்கும் தோலிலிருந்து உறிஞ்சப் பார்க்கிறது. வானம் தெளிந்த இரவுகளில் நிலம் தன் சூட்டை விரைவாக இழப்பதால் குளிர் இன்னும் கூடும். இதே மலையின் காவலூரை வானியலாளர் வைணு பாப்பு வானாய்வுக்குத் தேர்ந்தெடுத்தார். 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் அங்கே வேலை தொடங்கியது, 1986-இல் 2.3 மீட்டர் தொலைநோக்கி வந்து சேர்ந்தது. விண்மீன் பார்க்க உகந்த மேகமற்ற பனிக்கால இரவுதான் தோலுக்குப் பொல்லாத இரவாகவும் இருக்கிறது.

இந்த வறட்சி முதலில் கண்ணிமையில் தெரிவதற்குக் காரணம் உண்டு. உடலிலேயே மிக மெல்லிய தோல் இமைத்தோல். தடிமன் அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. எண்ணெய் சுரப்பிகள் அங்கே குறைவு, அடியில் கொழுப்புப் படலமும் சொற்பம். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முறை மூடித் திறந்து மடிந்துகொண்டே இருக்கும் தோலும் அதுதான். கடையில் விற்கும் க்ரீம்கள் இந்தத் தோலுக்கு ‘ஊட்டம்’ தருவதாகச் சொல்கின்றன. அந்தச் சொல்லிலிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். தோலின் மேலடுக்கு உயிரற்ற செல்களால் ஆனது, அது உண்பதில்லை. உயிருள்ள கீழடுக்குகளுக்கு வேண்டிய உணவை இரத்தம் கொண்டுவந்து தருகிறது. வெளியிலிருந்து மேலடுக்குக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி, உள்ளிருக்கும் நீர் ஓடிவிடாமல் காப்பதுதான். ஆகவே வறண்ட, சட்டென்று எரியும் தோலுக்குக் கண் க்ரீம் தேடுபவர் இரண்டு கேள்விகள் கேட்டால் போதும். இது நீரை எவ்வளவு தடுத்து நிறுத்தும்? அந்த வேலைக்காகத் தேவையில்லாத எத்தனை பொருள்களைக் கண்ணருகே கூட்டிவரும்?

மேலடுக்கைச் செங்கல் சுவராக எண்ணிக்கொள்ளலாம். தட்டையான செல்கள் செங்கற்கள். இடையிலே பூசிய சாந்து மூன்று வகைக் கொழுப்புகளின் கலவை. அதில் ஏறக்குறைய பாதி செராமைடு, கால் பங்கு கொலஸ்டிரால், மீதியில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். வறண்ட தோலில் இந்தச் சாந்து பெயர்ந்திருக்கிறது. விரிசல் வழியாக நீர் வெளியேறுகிறது. அதே விரிசல் வழியாக சோப்பும் வாசனைப் பொருளும் உள்ளே நுழைகின்றன. வறட்சியும் எரிச்சலும் பெரும்பாலும் ஜோடியாக வருவது இதனால்தான். க்ரீம்களில் உள்ளவை எத்தனை பெயர் கொண்டிருந்தாலும் வேலை அளவில் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். கிளிசரின், ஹயலுரானிக் அமிலம், தேன் போன்றவை நீரை ஈர்த்துப் பிடிப்பவை. எண்ணெய்கள் விரிசலை நிரப்பி மென்மையாக்குபவை. மெழுகும் பெட்ரோலியம் ஜெல்லியும் மேலே மூடி போட்டு நீர் ஆவியாவதைத் தடுப்பவை. முதல் வகையை மட்டும் பூசிக்கொண்டு வறண்ட காற்றில் இருந்தால், ஈர்க்கப்பட்ட நீர் காற்றோடு போய்விடும். கீழடுக்கின் ஈரமும் கூடவே மேலேறிப் போகலாம். பனிக்கால மலைக்கு மூடிதான் முதல் தேவை.

மூடி போடும் கலையில் தேனீயை மிஞ்ச ஆளில்லை. ஜவ்வாது மலை சாமைக்கும் கடுக்காய்க்கும் புளிக்கும் பெயர் பெற்றது போலவே தேனுக்கும் பெயர் பெற்றது. ஜமுனாமரத்தூர்ப் பக்கம் போகிறவர்கள் தேன் வாங்காமல் திரும்புவது அபூர்வம். தேன் நாடெங்கும் பேசப்படுகிறது, ராட்டைப் பிழிந்தபின் மிஞ்சும் மெழுகைப் பற்றிப் பேச்சே இல்லை. இரண்டு வார வயதை ஒட்டிய வேலைக்காரத் தேனீயின் அடிவயிற்றில் நான்கு ஜோடிச் சுரப்பிகள் திறக்கின்றன. அவற்றிலிருந்து மெழுகு மெல்லிய செதில்களாக வெளிவருகிறது. ஒரு கிராம் சேர ஏறத்தாழ ஆயிரம் செதில்கள் வேண்டும். தேனீ அதை வாயிலிட்டு மென்று, பதப்படுத்தி, அறை கட்டுகிறது. முற்றிய தேன் நிரம்பியதும் அறையின் வாயை மெழுகால் மூடி முத்திரையிடுகிறது. இந்த முத்திரை ஏன் தேவை? தேன் சுற்றுக் காற்றிலிருந்து நீரை இழுக்கும் பொருள். மலை மழையில் திறந்து கிடந்தால் அது நீர் ஏறி நொதித்துவிடும். மெழுகு மூடி வெளியீரம் உள்ளே போகாமல் தடுக்கிறது. தோலின் மேல் அதே மெழுகு எதிர்த்திசையில் அதே வேலையைச் செய்கிறது: உள்ளீரம் வெளியே போகாமல் பார்த்துக்கொள்கிறது. நீண்ட கார்பன் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கியிருப்பதால் நீர் மூலக்கூறு அதனூடே புகுந்து செல்வது கடினம். சுமார் 62 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் உடல் சூட்டில் வழிந்து கண்ணுக்குள் போவதும் இல்லை. சுவாமிமலைச் சிற்பிகள் வார்ப்புச் சிலைக்குத் தேன்மெழுகை நம்புவது அது வடிவத்தைப் பிடித்துவைக்கும் குணத்துக்காக; இமையோரத்தில் நமக்கு உதவுவதும் அந்தக் குணம்தான்.

ஆனால் மெழுகைத் தனியாகப் பூச முடியாது. தோலில் பரவாது, பிளந்து உதிரும். எண்ணெயில் உருக்கிக் கலந்து ஆறவிட்டால் மெழுகின் நுண்படிகங்கள் வலைபோல் பின்னி எண்ணெயைச் சிறைப்பிடித்துக்கொள்ளும். அதுதான் களிம்பு. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன் மெழுகு, எண்ணெய், நீர் மூன்றையும் குழைத்துக் களிம்பு செய்ததாகச் சொல்வார்கள். அதன் நீர் ஆவியாகும்போது தோல் குளிர்வதால் இன்றும் அந்த வகைக்குக் ‘கோல்ட் க்ரீம்’ என்றே பெயர். பின்னாளில் வெண்காரம் சேர்த்தார்கள். மெழுகிலுள்ள கட்டற்ற அமிலம் வெண்காரத்துடன் சேர்ந்து ஒருவகை சோப்பாகி, எண்ணெயையும் நீரையும் பிரியாமல் பிடித்துக்கொள்கிறது. இங்கே நம் மலைத்தேனீயும் அடுக்குத் தேனீயும் ஐரோப்பியத் தேனீயிலிருந்து வேறுபடுகின்றன. கட்டற்ற அமிலத்தின் அளவைக் காட்டும் அமில எண் ஐரோப்பியத் தேனீ மெழுகில் 17-லிருந்து 24 வரை இருக்கும். ஆசியத் தேனீக்களின் மெழுகில் அது பெரும்பாலும் 10-ஐத் தாண்டாது. ஐரோப்பியப் புத்தகத்தின் வெண்காரச் செய்முறையை நம் மெழுகில் அப்படியே செய்தால் க்ரீம் நிலைக்காமல் பிரிந்து போக வாய்ப்பு அதிகம். மெழுகின் தரக்குறைவு என்று இதைக் கொள்ளக் கூடாது. நீரே சேராத களிம்புக்கு அமில எண்ணைப் பற்றிக் கவலையில்லை. கண்ணருகே நான் விரும்புவதும் நீர் சேராத களிம்பைத்தான்.

காரணம், பாதுகாப்புப் பொருள்கள். நீர் இருக்கும் க்ரீமில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். அவற்றைத் தடுக்க ஏதேனும் சேர்த்தே ஆகவேண்டும். மக்கள் பயந்து ஒதுக்கும் பாராபென்கள் உண்மையில் ஒவ்வாமையை அரிதாகவே தருகின்றன. அமெரிக்கத் தொடுதோலழற்சிச் சங்கம் 2019-இல் அவற்றை ‘ஒவ்வாமை தராத பொருள்’ என்று சிறப்பாகவே அறிவித்தது. பாராபென் மீதான அச்சத்தால் பல தயாரிப்பாளர்கள் தாவிய மெத்தில்ஐசோதயசோலினோனைத்தான் அதே சங்கம் 2013-இல் அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக எச்சரித்தது. ‘பாராபென் இல்லை’ என்ற பெரிய எழுத்தைப் பார்த்து மகிழ்வதற்கு முன், அதற்குப் பதில் என்ன இருக்கிறது என்று சிறிய எழுத்தில் தேட வேண்டும். நீரில்லாத களிம்பில் நுண்ணுயிர் வளர வழியில்லாததால் இந்தச் சிக்கலே பெரும்பாலும் எழுவதில்லை. வீட்டில் கற்றாழைச் சாறும் பன்னீரும் கலந்து செய்த க்ரீமை வாரக்கணக்கில் வைத்து இமையில் தடவுவது, இதே காரணத்தால், கடைக் க்ரீமைவிட ஆபத்தானது.

மலைத்தேனும் மெழுகும் இயற்கையானவை, ஆகவே ராட்டிலிருந்து எடுத்ததை அப்படியே பூசலாமே என்று ஒருவர் கேட்கலாம். கூடாது. கச்சா மெழுகில் மகரந்தமும், தேனீ மரங்களிலிருந்து திரட்டி வந்து கூட்டை அடைக்கும் பிசினும் கலந்திருக்கும். அந்தப் பிசின் பெயர் பெற்ற ஒவ்வாமைப் பொருள். மெழுகை வெந்நீரில் உருக்கி, துணியில் வடிகட்டி, மேலே மிதந்து உறையும் வில்லையை எடுத்து, திரும்பவும் உருக்கி வடிக்க வேண்டும். இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: பெட்ரோலியம் ஜெல்லி மெழுகைவிட நன்றாக நீரைத் தடுக்குமே? ஆம், தடுக்கும். ராபர்ட் செஸ்பரோ 1872-இல் காப்புரிமை பெற்ற அந்தப் பொருள் தோலின் நீரிழப்பை 98 விழுக்காடு வரை குறைக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். சுத்திகரித்த ஜெல்லிக்கு ஒவ்வாமை மிக அரிது. கண் மருந்துக் களிம்புகளுக்கே அது அடிப்படையாக இருக்கிறது. பணம் குறைவாக உள்ளவருக்கும், எதைப் பூசினாலும் எரிகிறது என்பவருக்கும் என் முதல் பரிந்துரை அதுதான். மெழுகுக் களிம்பு அதற்கு அடுத்த இடத்தில் வருகிறது. அவ்வளவு அடர்த்தியாக மூடாமல் தோலில் இலகுவாக இருப்பது அதன் வசதி. மலையில் மிஞ்சும் ஒரு பொருளுக்கு நல்ல விலை கிடைக்கும் வழியும் அதில் உண்டு.

அந்த விலையைக் கெடுக்கக்கூடியது வாசனை. சவ்வாது என்றால் தமிழ் வீடுகளில் மணப்பொடி. மலையின் பெயரும் அதே ஒலி. மலை சந்தனத்துக்குப் புகழ்பெற்றது, அடிவாரத்துத் திருப்பத்தூரில் அரசின் சந்தனக் கிடங்கே இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தின் பெயரில் ஒரு களிம்பு வந்தால் அதில் சந்தன எண்ணெயோ மல்லிகை மணமோ சேர்க்கத்தான் யாருக்கும் கை துறுதுறுக்கும். கண்ணிமைக்கு வேண்டாத பொருள் அதுவே. அழகுப் பொருள்களால் வரும் தொடுதோலழற்சிக்கு முன்வரிசைக் காரணம் நறுமணப் பொருள்கள். செடியிலிருந்து எடுத்த எண்ணெயும் இதில் விலக்கல்ல. உறையில் ‘நறுமணம்’ என்று ஒரே சொல்லாக அச்சிட்டிருப்பதற்குள் பல வேதிப்பொருள்கள் ஒளிந்திருக்கலாம். ‘வாசனை தெரியாது’ என்று சொல்லும் க்ரீமிலும் மூல நெடியை மறைக்க வேறொரு மணம் சேர்த்திருக்கக்கூடும். நறுமணம் சேர்க்கவே இல்லை என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

களிம்பின் எண்ணெயும் முக்கியம். ஆலிவ் எண்ணெயில் மிகுந்துள்ள ஒலியிக் அமிலம் கொழுப்புச் சாந்தை இளக்கிவிடும் என்று 2013-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதில் சூரியகாந்தி எண்ணெய் அந்தத் தீங்கைச் செய்யவில்லை. தேங்காயெண்ணெய்க்குப் பிலிப்பைன்ஸில் வறண்ட தோல் நோயாளிகளிடம் நடந்த சோதனையில் கனிம எண்ணெய்க்கு நிகரான பயன் தெரிந்தது. விலை உயர்ந்த இறக்குமதி எண்ணெய் நம் அடுக்களை எண்ணெயைவிட உயர்ந்தது என்ற எண்ணத்துக்கு இங்கே ஆதாரம் இல்லை.

சுருக்கத்துக்கு ரெட்டினால், கருவளையத்துக்குக் காஃபீன், பொலிவுக்கு வைட்டமின் சி என்று கண் க்ரீம்கள் அடுக்கும் பொருள்களுக்குப் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரெட்டினாலும் அமில வடிவ வைட்டமின் சி-யும் எரிச்சல் தரக்கூடியவை. சுவர் இடிந்திருக்கும்போது வண்ணம் பூசுவதில்லை. அதைவிடக் கவலை தருவது, அரிப்பு உடனே அடங்குகிறது என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு பூச்சு. இமையில் தொடர்ந்து பூசினால் தோல் இன்னும் மெலியும், கண்ணழுத்தம் உயரலாம், கண்புரையும் வரலாம். இந்த வகையில் 14 மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவற்றின் பட்டியலில் ஒன்றிய அரசு 2018-இல் சேர்த்ததும் தேவையில்லாமல் அல்ல. எந்தக் களிம்புக்கும் அடங்காத இமை அரிப்புக்குக் காரணம் பல நேரம் இமையில் பூசியதே இல்லை. தலைச்சாயமும் நகப்பூச்சும் விரல் வழியாக இமைக்கு வந்து சேர்கின்றன. அங்கே க்ரீமை மாற்றிப் பயனில்லை, தோல் மருத்துவரிடம் ஒட்டுச் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

புதுக் களிம்பை முதலில் முழங்கை மடிப்பில் நாளுக்கு இரண்டு முறை, ஒரு வாரம் தடவிப் பார்த்தபிறகே முகத்துக்குக் கொண்டுவருவது நல்லது. விரல் விட்டு எடுக்கும் டப்பாவைவிட டியூப் மேல். இரவில் முகம் கழுவி, துடைத்தும் துடைக்காமலும் ஈரம் இருக்கும்போதே பூச வேண்டும்; மூடிக்கு அடியில் பிடித்துவைக்க நீர் இருக்க வேண்டுமல்லவா? இமை விளிம்பை விட்டு, கண்குழியின் எலும்போரமாக மோதிர விரலால் ஒற்றினால் போதும், தேய்க்க வேண்டாம். விளிம்புவரை போனால் களிம்பு கண்ணீரில் கலந்து பார்வையை மங்கலாக்கும். அதிகம் அப்பினால் சிறு வெண்பருக்கள் தோன்றலாம். ஒரு கண்ணுக்கு நான்கைந்து சாமை மணி அளவு.