ஏறத்தான் கூடாது... பக்கத்தில் நிற்கலாமே!

வயசானவர்களுக்குப் பொழுது போக டி.வி., கோயில், பேரப்பிள்ளைகள் போதும் என்று நாம் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். என் மாமனாருக்கு இந்த மூன்றும் போதவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது குதிரை!

சிரிக்காதீர்கள் தோழியரே. மாமா, பழனியில் முப்பத்தெட்டு வருஷம் ஜட்கா ஓட்டியவர். பஸ் ஸ்டாண்டிலிருந்து அடிவாரத்துக்குப் பக்தர்களை ஏற்றி இறக்கிய வருமானத்தில்தான் என் வீட்டுக்காரரைப் படிக்க வைத்தார். நாத்தனார்கள் இரண்டு பேரையும் கட்டிக் கொடுத்தார். 2022ல், அவருக்கு 69 வயதில், வண்டியிலிருந்து இறங்கும்போது கால் தவறி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன். "இனிமேல் வண்டியில் ஏறவே கூடாது. இன்னொரு தடவை விழுந்தால் எழுந்து நடப்பது கஷ்டம்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குதிரையையும் வண்டியையும் விற்றோம். ஆஸ்பத்திரிக் கடனில் பாதி அதில்தான் அடைந்தது.

எலும்பு கூடிவிட்டது. ஆனால் மனுஷர் பழையபடி ஆகவில்லை. கட்டிலை விட்டு எழுந்திருக்க மாட்டார். "கொஞ்சம் நடங்க மாமா, நடந்தால்தான் காலில் பலம் வரும்" என்றால், "எங்கே போறதுக்குக் கண்ணு நடக்கிறது?" என்பார். சோறு பாதிக்கு மேல் இறங்காது. நாளுக்கு நாள் கால் சூம்பிக்கொண்டே வந்தது. இப்படியே விட்டால் படுத்த படுக்கை ஆகிவிடுவாரோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம்.

மாமாவின் அக்கா மகன் ஒருவர் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் இருக்கிறார். மாப்பிள்ளை அழைப்புக்குச் சாரட் வண்டி விடுகிறவர். லாயத்தில் இரண்டு குதிரைகள். "அங்கே போய் உட்கார்ந்து வரட்டுமே" என்று நான் சொன்னதற்கு அத்தை பிடிபிடி என்று பிடித்துக்கொண்டார். "ஒரு தடவை விழுந்தது போதாதா? இனி அந்த வாசனையே வேண்டாம்!" அவர் பயமும் நியாயம்தானே.

அடுத்த முறை செக்கப் போனபோது டாக்டரிடம் நானே கேட்டேன். "ஏறக்கூடாதுன்னு சொன்னீங்க சார். பக்கத்துல நிக்கலாமா?" அவர் சிரித்துவிட்டு, "தாராளமா. கைத்தடி வச்சுக்கணும். கூட ஒரு ஆள் இருக்கணும். குதிரை இடிக்கிற மாதிரி குறுகலான இடத்துக்குள்ளே போகக் கூடாது" என்றார். மண்ணிலும் குதிரைச் சாணத்திலும் வில்வாத ஜன்னிக் கிருமி இருக்கும் என்று டெட்டனஸ் தடுப்பூசியும் போட்டு அனுப்பினார். டாக்டரே சொன்ன பிறகு அத்தை வாயைத் திறக்கவில்லை.

கூட இருக்கிற ஆள் நான்தான். தினமும் சாயந்திரம் ஐந்து மணிக்குக் கிளம்புவோம். முதல் வாரம் வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் போனார். ஒரு மாசத்தில் உட்காராமல் நடந்தார். நடக்கச் சொல்லி யாரும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை!

குதிரை என்றாலே எட்டடி தள்ளி நிற்கிறவள் நான். மாமாதான் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். குதிரைக்குக் கண் இரண்டும் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் நேர் பின்னால் வருகிறவரும், மூக்குக்கு நேர் கீழே இருப்பதும் அதற்குத் தெரியாது. அதனால் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே தோள்பட்டைப் பக்கமாகத்தான் போக வேண்டும். காதைப் பின்னால் மடக்கி ஒட்ட வைத்தால் கோபம், கிட்டே போகக்கூடாது. காது பக்கவாட்டில் தொங்கி, ஒரு பின்னங்காலைக் குளம்பு நுனியில் ஊன்றி நின்றால் நிம்மதியாக இருக்கிறது என்று அர்த்தம். தீனி கொடுக்கும்போது கட்டைவிரலை ஒட்டி வைத்து உள்ளங்கையைத் தட்டையாக நீட்ட வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. மிரண்டு ஓடினால் ஆளையும் இழுத்துப் போய்விடும்.

மாமாவுக்குப் பிடித்த வேலை, பிரஷ் போட்டுத் தேய்த்து விடுவது. கழுத்து முதுகோடு சேருகிற இடத்தில், பிடரி முடிகிற மேட்டில், விரலால் சொறிந்து கொடுப்பார். குதிரை அப்படியே கண் சொருகி, உதட்டை நீட்டும். அங்கே வந்த கால்நடை டாக்டர், "குதிரைகள் ஒன்றுக்கொன்று பல்லால் வருடிக் கொடுக்கிற இடம் இது. இங்கே தேய்த்தால் குதிரைக்கு இதயத் துடிப்பே குறையும் என்று பிரான்சில் ஆராய்ச்சி செய்து 1993ல் எழுதியிருக்கிறார்கள்" என்றார். மாமா, "அதைச் சொல்ல ஆராய்ச்சி வேணுமாக்கும்!" என்று சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்து வருஷமாகியிருந்தது.

முகூர்த்த சீசனில் ஒரு நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். வெள்ளைக் குதிரை தீனியைத் தொடாமல் நின்றது. "நேத்து ராத்திரி ஊர்வலம் மாமா, அலுப்பா இருக்கும்" என்றார் அக்கா மகன். மாமா கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். குதிரை தன் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. முன்னங்காலால் தரையைக் கீறியது. "அலுப்பு இல்லடா, வயித்து வலி. தீனியை எடு, டாக்டருக்குப் போன் போடு!" என்று ஒரு அதட்டல் போட்டார். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. வயிற்றில் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்று அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. டாக்டர் வந்து ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு மருந்து ஊற்றினார். ராத்திரி பதினோரு மணிக்குச் சாணம் போட்டதும்தான் மாமா வீட்டுக்கே வந்தார். "இன்னும் ரெண்டு மணி நேரம் விட்டிருந்தா கஷ்டம்" என்றாராம் டாக்டர்.

அன்றிலிருந்து லாயத்தில் மாமா சொல்தான் சட்டம். 2024 ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் குதிரைச் சந்தைக்கு அக்கா மகன் புதுக் குதிரை வாங்கப் போனபோது மாமாவையும் கார் வைத்து அழைத்துப் போனார். காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடுகிற கத்தியவார் குதிரைகளை மாமா ஆசை தீரப் பார்த்தார். பல்லைப் பார்த்து வயசு சொல்லி, சுழி பார்த்து, நடக்க விட்டுப் பார்த்து அவர் தலையாட்டிய பிறகுதான் பணம் கைமாறியது. கடிவாளம் பிடிக்காவிட்டால் என்ன, கண்ணும் கையும் இருக்கிறதே!

இப்போது ராத்திரியானால் அவரே கொள்ளை ஊறப் போட்டு வைக்கிறார். மறுநாள் வேகவைத்து, தண்ணீரை இறுத்து எங்களுக்கு ரசம், கொள்ளு குதிரைக்கு. அந்த ரசத்துக்கு என் பிள்ளைகள் அடித்துக்கொள்கிறார்கள். நாற்பது வருஷமாகக் குதிரையைத் தொட்டே பார்க்காத அத்தை, வெள்ளிக்கிழமைகளில் ஒரு கேரட்டை நீளவாக்கில் நறுக்கி என்னிடம் கொடுத்தனுப்புகிறார். "வெள்ளைக்குக் கொடு" என்று பேர் சொல்லி!

சகோதரிகளே, வீட்டில் பெரியவர்களுக்கு டாக்டர் ஒன்றைக் கூடாது என்றால், எது கூடாது, எதுவரை கூடும் என்று இரண்டையும் கேட்டு வாருங்கள். ஏர் பிடிக்க முடியாதவர் மாட்டைத் தடவிக் கொடுக்கலாம்; தறியில் உட்கார முடியாதவர் நூல் பார்த்துச் சொல்லலாம். உங்கள் வீட்டுப் பெரியவருக்கும் குதிரைப் பித்து இருந்தால், உங்கள் ஊரில் குதிரை வைத்திருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். அநேகமாக மறுக்க மாட்டார்கள். தீனி கொடுக்கும் முன் அவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது வெறுங்கையோடு போகாமல் ஒரு கட்டு அருகம்புல் கொண்டு போங்கள்.