பறக்கும் கூழைக்கடாவைப் படம்பிடித்தல்

1882-ஆம் ஆண்டில் எத்தியேன் ழூல் மாரே என்னும் பிரெஞ்சு உடலியல் பண்டிதர், வேட்டைத் துப்பாக்கியைப் போலத் தோளில் சாய்த்துக் குறிபார்க்கத்தக்கதும், குண்டுக்குப் பதிலாக வினாடிக்கு 12 படங்களைத் தகட்டில் பதிப்பதுமான ஒரு விசித்திர யந்திரத்தைச் செய்தார். அக்காலத்தை ஒட்டி அவர் வேறொரு முறையில், ஒரே தகட்டில் அடுத்தடுத்துப் பதித்த கூழைக்கடாவின் படம் இன்றளவும் பிரசித்தமானது. 1884-இல் ஜெர்மனியில் ஆன்ஷூட்ஸ் எடுத்த நாரைப் படங்களோ, மிதந்து பறக்கும் சாதனங்களை அமைத்த லிலியந்தாலுக்குத் தூண்டுதலாயின. மாரேயும் ஆன்ஷூட்ஸும் பெரிய பட்சிகளை நாடியது தற்செயலன்று என்பது என் அபிப்பிராயம்.

பெரும்பறவை நிதானமாகச் சிறகடிப்பதால் அதைப் பிடிப்பது சுலபமென்று முதலில் தோன்றும். ஆனால் இரண்டரை மீட்டர் வரை விரியும் சிறகின் நுனி, தோள்மூட்டைவிடப் பன்மடங்கு தூரத்தை அதே க்ஷணத்தில் கடந்தாக வேண்டுமாதலால், உடல் துலக்கமாக விழுந்த படத்திலும் சிறகுநுனி பஞ்சாகக் கலைந்திருக்கக் காணலாம். ஷட்டர் திறந்து மூடும் நேரம் 1/1000 வினாடிக்கு மேற்படாமல் இருப்பது நலம்.

காமிராவைவிடக் காற்றையே நான் பெரிதாகக் கருதுவேன். நாலைந்து கிலோ எடையுள்ள கூழைக்கடா நீரை விட்டுக் கிளம்ப வேண்டுமானால், எதிர்காற்றை நோக்கித் திரும்பி, இரு பாதங்களாலும் ஒருசேர நீரை உந்தியவாறு சிறிது தூரம் சென்றே எழும்பும். இறங்கும்போதும் அதே எதிர்காற்றைத் தடையாகக் கொண்டு, சிறகையும் வாலையும் அகல விரித்து, கால்களை முன்னே நீட்டி வேகத்தைத் தணிக்கும். ஆகவே காற்றை முதுகில் வாங்கி நிற்பவனை நோக்கியே பறவை வரும். முகத்தில் வாங்குபவன் வால்களைப் படம்பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வேடந்தாங்கலில் பறவைகள் மிகுந்திருக்கும் மார்கழி, தை மாதங்களில் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து காற்று வீசுவதால், அதுவும் காலைச் சூரியனும் ஏறக்குறைய ஒரே பக்கத்திலிருந்து வந்து இந்தச் சௌகரியத்தைத் தாமே செய்து தருகின்றன.

வெளிச்சத்தின் கணக்கு வேறு. காமிராவின் ஒளிமானி எக்காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகப் பாவிப்பதால், இருண்ட மரச்செறிவுக்கு முன்னே பறக்கும் வெண்கொக்கு இறகு வரிகளை இழந்து வெறும் வெள்ளையாகவும், பளிச்சிடும் ஆகாயத்துக்கு எதிரே கூழைக்கடா வெறும் கறுப்பாகவும் பதிவாகும். முன்னதற்கு ஒளியைக் குறைத்தும் பின்னதற்குக் கூட்டியும் கொள்வதை யந்திரத்திடம் விடாமல் நாமே செய்ய வேண்டும்.

கூட்டு மரங்களை மட்டும் நெருங்கலாகாது; தாய்ப்பறவை வெருண்டு எழுந்தால் முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காகத்துக்கும் இலக்காகும். முற்பகல் வெயில் ஏறியதும் தரையிலிருந்து எழும் வெப்பக்காற்றில் கூழைக்கடாக்கள் சிறகசைக்காமலே வட்டமிட்டு உயர்ந்து சிறுபுள்ளிகளாகிவிடும். அவற்றை லென்ஸால் துரத்துவதைவிட, அவை கூடு திரும்பும் பிற்பகல் வரையில் ஏரிக்கரை நிழலில் அமர்ந்திருப்பது உசிதம்.