கண்காணாக் கதிரை அளக்கும் கல்வி

மருத்துவமனை என்றவுடன் மருத்துவரும் செவிலியரும் நம் நினைவுக்கு வருவர். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கும் இடத்தில் இயற்பியல் கற்ற ஒருவரும் பணியாற்றுகிறார் என்பதைப் பலர் அறியார். அவரே மருத்துவ இயற்பியலாளர்.

1895ஆம் ஆண்டு ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். 1898இல் மேரி கியூரியும் பியரி கியூரியும் ரேடியத்தைக் கண்டறிந்தனர். நோயை அழிக்கும் கதிர், நலமான திசுவையும் அழிக்கும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆகவே, அளவறிந்து செலுத்துதல் இன்றியமையாததாயிற்று.

ஒரு கிலோகிராம் திசு ஏற்கும் ஒரு ஜூல் ஆற்றல் 1 கிரே எனப்படும். நோயாளிக்கு 50 கிரே தேவையெனில் அதனை ஒரே நாளில் செலுத்துவதில்லை. நாளுக்கு 2 கிரே வீதம் 25 முறை பகிர்ந்தளிப்பர். இடைப்பட்ட நேரத்தில் நலமான செல்கள் தம்மைச் சீர்செய்துகொள்ளும். புற்றுநோய்ச் செல்களால் அவ்வளவு திறம்பட அது இயலாது. அளவை மருத்துவர் வகுப்பார்; அவ்வளவே உரிய இடத்தைச் சென்றடைவதை இயற்பியலாளர் கணக்கிட்டு உறுதிசெய்வார். கோபால்ட்-60 ஏறத்தாழ 5.27 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். இன்று ஒரு நிமிடத்தில் கிடைக்கும் அளவுக்கு அப்போது இரண்டு நிமிடங்கள் வேண்டும். இக்கணக்குப் பிழைத்தால் சிகிச்சையும் பிழைக்கும்.

பணியாளரையும் பொதுமக்களையும் காப்பது நலவாழ்வு இயற்பியல். அதன் நெறிகள் மூன்று: கதிர்முன் நிற்கும் நேரத்தைக் குறைத்தல், தொலைவைக் கூட்டுதல், இடையே தடுப்பு அமைத்தல். சிறிய கதிர்மூலத்திலிருந்து இருமடங்கு தள்ளி நின்றால், படும் கதிர் நான்கில் ஒரு பங்காகும்.

2010ஆம் ஆண்டு தில்லி மாயாபுரியில் பழைய கருவி ஒன்று இரும்புக் கழிவாக விற்கப்பட்டுப் பிரிக்கப்பட்டது. அதனுள் கோபால்ட்-60 இருந்ததை அங்கிருந்த தொழிலாளர் அறியவில்லை. பலர் நோயுற்றனர், ஒருவர் உயிரிழந்தார். அந்தக் கதிருக்கு நிறமில்லை, மணமில்லை, ஓசையுமில்லை. கருவிகொண்டு அளப்பவர் இல்லாத இடத்தில் அறியாமையே பேரிடராகிறது.

இத்துறையில் சேர இருவழிகள் உண்டு. இயற்பியலில் முதுநிலைப் பட்டம் பெற்றபின், மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் நடத்தும் ஓராண்டுப் பட்டயப் படிப்பில் சேரலாம். அன்றி, சென்னை அண்ணா பல்கலைக்கழகம் போன்றவற்றில் மருத்துவ இயற்பியலையே முதுநிலையாகப் பயிலலாம். அதன்பின் மருத்துவமனையில் ஓராண்டுப் பயிற்சியும் வேண்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இத்தகுதிகளை வரையறுக்கிறது.

வகுப்பறையில் நாம் கற்கும் அலகும் கணக்கும் ஓர் உயிரைக் காக்கவல்லவை என்பதற்கு இத்துறையே சான்று.

பயிற்சி

1. கதிர்வீச்சுச் சிகிச்சையைப் பல நாள்களுக்குப் பகிர்ந்தளிப்பது ஏன்?
2. கதிரிலிருந்து காத்துக்கொள்ளும் மூன்று நெறிகள் யாவை?
3. 'அறியாமையே பேரிடராகிறது' – மாயாபுரி நிகழ்வைக்கொண்டு விளக்குக.