ஒரு சொல்லுக்குள் இத்தனையா?! காஞ்சிபுரத்தைக் கேளுங்கள்!

ஆங்கிலத்தில் 'ரன்' என்ற குட்டிச் சொல்லுக்கு, வினையாக மட்டும் 645 பொருள் என்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் கணக்குச் சொன்னார்கள், தெரியுமா? மலைத்துவிட்டீர்களா? காஞ்சிபுரத்துத் தறிக்கும் கோயிலுக்கும் வாருங்கள், நம் சொற்களைப் பாருங்கள்!

நாடா: தறியில் குறுக்கே பாய்வது நாடா. பாவாடையில் கோப்பது நாடா. பாட்டைப் பதிந்து வைத்ததும் ஒலிநாடா! கரையைத் தனி நிறத்தில் இணைத்து நெய்யும் கோர்வைப் புடவைக்கு 3 நாடாக்கள் வேண்டும், தெரியுமா?

கரை: புடவையின் ஓரம் கரை. பாலாற்றின் ஓரமும் கரை. சர்க்கரை தண்ணீரில் கரையும், காக்கை கூரையில் கரையும்!

நூல்: நெய்வதும் நூல், படிப்பதும் நூல். கொத்தனாரைக் கேளுங்கள், 8 நூல் சேர்ந்தால் ஓர் இன்ச் என்பார்! சொல்லைப் பஞ்சாகவும், புலவரை நூல் நூற்கும் பெண்ணாகவும் நன்னூல் காட்டுகிறது, தெரியுமா?

பா: தறியில் நீளவாக்கில் ஓடும் பாவுக்குப் பழைய பெயர் பா. வெண்பா, ஆசிரியப்பா, கலிப்பா, வஞ்சிப்பா... இவையும் பா! புடவைக்கும் கவிதைக்கும் ஒரே சொல்!

காஞ்சி: ஊர் மட்டும்தானா? ஒரு மரம், இடுப்பில் அணியும் நகை, நிலையாமை பேசும் புறத்திணை... எல்லாமே காஞ்சி! 782 அடி நீளும் மதுரைக்காஞ்சி பாடுவது காஞ்சிபுரத்தை அல்ல, மதுரையை!

மா: ஏகாம்பரநாதர் கோயிலின் தலமரம் மா. 4 கிளை, 4 சுவை என்பது பக்தர்கள் நம்பிக்கை! ஆனால் விலங்கும் மா, அரைத்த மாவும் மா, பெரியது என்றாலும் மா. நிலத்தை அளந்தாலும் மா, இருபதில் ஒரு பங்கும் மா!

அத்தி: 40 ஆண்டுக்கு ஒருமுறை குளத்திலிருந்து எழுந்தருளும் அத்திவரதர் அத்தி மரத்தாலானவர். 2019-இல் தரிசனம் தந்தாரே! அதே அத்திக்கு யானை என்றும் பொருள், தெரியுமா?

யானைக்கு வேறு பெயர்கள்? களிறு, வேழம், கரி, உம்பல், குஞ்சரம், கைம்மா... மூச்சு வாங்குகிறதா? வேழம் என்றால் கரும்பும்தான், மூங்கிலும்தான்! தும்பி என்றால் யானை, பறக்கும் பூச்சியும் தும்பி!

இப்படிப்பட்ட சொற்களுக்காகவே சூடாமணி நிகண்டு என்ற பழைய அகராதியின் 12 தொகுதிகளில் ஒரு முழுத் தொகுதியை ஒதுக்கினார் மண்டலபுருடர், தெரியுமா? 'ஒருசொல் பல்பொருட் பெயர்த்தொகுதி' என்பது அதன் பெயர்!

கடைசியாக ஒன்று: 'எறும்பி' என்றால் என்ன? எறும்பு என்கிறீர்களா? சரிதான். ஆனால் நிகண்டைப் புரட்டினால், யானைக்கும் எறும்பி என்றே பெயர்!