50 ரூபாய் வீடியோ

எங்க அண்ணன் காசிமேட்டுல போட் இன்ஜின் வேலை கத்துக்கிறான். போன மாசம் ரிப்பேர் சொல்லித் தர்ற வீடியோ ஒண்ணுக்கு 50 ரூபாய் கட்டினான். வீட்டில் ஒரே சண்டை. "நெட்ல எல்லாம் சும்மாவே கிடைக்குது, காசு எதுக்குடா?" என்றார் அப்பா.

எனக்கும் அதே சந்தேகம்தான். விசாரித்துப் பார்த்தேன். சும்மா கிடைப்பதற்கும் யாரோ செலவு செய்திருக்கிறார்கள். நம்ம சென்னை ஐ.ஐ.டி.யும் மற்ற ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கியது என்.பி.டி.இ.எல். திட்டம். பாட வீடியோ எல்லாம் இலவசம். சான்றிதழ் வேணும்னா தேர்வுக்கு மட்டும் பணம் கட்டணும். மற்ற செலவுக்கு மத்திய அரசு தருது.

ஆனால் கிரீஸ் கையோட இன்ஜினைப் பிரிச்சுக் காட்டுற மெக்கானிக்குக்கு யார் தருவாங்க? வீடியோ எடுக்குற அன்னிக்குக் கூலி போச்சு. விளம்பரக் காசு சினிமாப் பாட்டுக்குச் சரி. போட் இன்ஜினை எத்தனை பேர் பார்ப்பாங்க?

முன்பு சின்னத் தொகை அனுப்புவதே பாடு. 100 ரூபாய் மணியார்டருக்கு 5 ரூபாய் கமிஷன். 2016-இல் யு.பி.ஐ. வந்த பிறகு 5 ரூபாயும் அப்படியே போய்ச் சேருது.

இதை அப்பாவிடம் சொன்னேன். "முதல்ல இன்ஜின் ஓடட்டும்" என்றார். அண்ணன் அந்த வீடியோவை மூணாவது தடவை பார்த்துக்கிட்டிருந்தான். சும்மா கிடைச்ச எதையும் அவன் முழுசாப் பார்த்து நான் கண்டதில்லை.