குனியும்போது தெரியும் வளைவு

மூணாறு, பீர்மேடு தேயிலைத் தோட்டங்களிலும், சித்தூர், வாளையார் பகுதிகளிலும் பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு நகரங்களில் வேலை செய்கிறவர்களும் உங்களில் உண்டு. இம்முறை விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது, பத்து முதல் பதினைந்து வயதுள்ள உங்கள் பிள்ளையின் முதுகைக் கவனித்துப் பாருங்கள்.

பாதங்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், கைகளைத் தொங்கவிட்டு முன்னே குனியச் சொல்லுங்கள். முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிகிறதா? நிமிர்ந்து நிற்கையில் ஒரு தோள் உயர்ந்திருக்கிறதா? அப்படியானால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். எக்ஸ்ரே படத்தில் பக்கவாட்டு வளைவு 10 டிகிரி அல்லது அதற்கு மேல் இருந்தால், அது 'ஸ்கோலியோசிஸ்' எனப்படும். வளரிளம் பருவத்தினரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது காணப்படுகிறது. வளைவு அதிகரிக்கும் ஆபத்து பெண்பிள்ளைகளுக்கே மிகுதி. பெரும்பாலும் இதன் காரணம் இன்னதென்று தெரிவதில்லை. புத்தகப்பையின் பாரமோ, பெற்றோரின் தவறோ இதற்குக் காரணமல்ல.

எல்லா வளைவுக்கும் அறுவை சிகிச்சை தேவையில்லை. 25 டிகிரிக்குக் குறைவானால், சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதித்து வந்தால் பொதுவாகப் போதும். 25 முதல் 40 டிகிரி வரை இருந்து, பிள்ளை இன்னும் வளர்கிற பருவமாயிருந்தால், 'பிரேஸ்' என்னும் முதுகுக் கவசம் அணியச் சொல்லுவார்கள். சுமார் 50 டிகிரியை எட்டும்போதுதான் அறுவை சிகிச்சை பற்றிப் பேசப்படுகிறது.

கவசத்தால் பயன் உண்டா? 2013ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க, கனடா ஆய்வொன்றில், கவசம் அணிந்தவர்களில் 72 சதவீதத்தினருக்கு, வளர்ச்சி முடியும்வரை வளைவு 50 டிகிரியை எட்டவில்லை. அணியாதவர்களில் இது 48 சதவீதமே. நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் அல்லது அதற்கு மேல் அணிந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் அதிகமானோர் பலன் பெற்றனர். ஆனால் கவசம் வளைவை அதிகரிக்காமல் தடுப்பதற்கே. முற்றிலும் நிமிர்த்துவதற்கு அல்ல. வளர்ச்சி நின்றபின் அணிவதால் பயனில்லை. ஆகவே எண்ணெய் தடவினால் நேராகிவிடும் என்று நம்பி மாதங்களை வீணாக்காதீர்கள். பயிற்சி பெற்றவர் கற்பிக்கும் உடற்பயிற்சிகள் துணையாகும், கவசத்துக்கு மாற்றாகா.

கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரியிலும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் எலும்பு மருத்துவப் பிரிவுகள் உள்ளன. வாளையாரைத் தாண்டினால் கோயம்புத்தூரிலும் முதுகெலும்பு மருத்துவர்கள் உண்டு.

வெயிலில் அந்தக் கவசம் புழுங்கும். பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்வார்கள். "கல்யாணத்துக்குத் தடையாகுமே" என்று உறவினர் முணுமுணுப்பார்கள். அப்போது உங்கள் மகள் அதைக் கழற்றி ஒளித்து வைக்கத் தேடுவாள். அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை அணிவியுங்கள், ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள், தினமும் தொலைபேசியில், "இன்றைக்கு எத்தனை மணி நேரம் போட்டாய், கண்ணே?" என்று அன்பாய்க் கேளுங்கள். தூரத்திலிருந்தும் நீங்கள் அவளுக்குக் கொடுக்கக்கூடிய மருந்து அதுவே.