கேரவன் கூரையில் ஒரு கயாக்... கட்டும் கயிற்றில்தான் இருக்கிறது பயணம்!

நாகப்பட்டினம் - திருவாரூர் சாலையில் இருக்கும் ஊர் கீழ்வேளூர். துறைமுக ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பவர்களுக்கு, படகு ரோட்டில் போவது ஆச்சரியம் இல்லை. யார்டில் செய்து முடித்த புது ஃபைபர் படகு கடலைப் பார்க்கப் போவதே லாரியில்தான்.

இப்போது வெளிநாட்டு வீடியோக்களில் வேறொரு காட்சி பிரபலம். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள கேரவன். அதன் கூரையில் ஒல்லியாக, நீளமாக ஒரு கயாக். நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தி, படகை இறக்கி, துடுப்புப் போட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். கேரவன் என்றால் சினிமா நட்சத்திரங்கள் மேக்கப் போடும் வண்டி என்ற எண்ணமும் மாறி வருகிறது. கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கை அறிவித்தது.

‘நாமும் முத்துப்பேட்டைக்கு இப்படிப் போனால் என்ன?’ என்று கேட்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. தண்ணீரில் படகு தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். ரோட்டில் நாம்தான் தாங்க வேண்டும்.

டெல்டாவில் ஏன் வண்டி வேண்டும்?

காவிரி டெல்டாவில் ஆறுகளுக்குப் பஞ்சமில்லை. திருவாரூர் வழியாக ஓடும் ஓடம்போக்கி ஆற்றின் பெயரிலேயே ஓடம் இருக்கிறது. ஆனால் இந்த ஆறுகளில் ஒரே மூச்சாகப் படகில் போக முடியாது. பாசனத்துக்காக வழியெங்கும் ரெகுலேட்டர்கள். ‘ஷட்டர்’ என்று ஊரில் சொல்வார்களே, அவைதான். ஒவ்வொன்றிலும் படகைக் கரையேற்றித் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

அதோடு ஆபத்தும் இருக்கிறது. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்ட நாட்களில் ஷட்டருக்குக் கீழே சுழலும் தண்ணீர், நீச்சல் தெரிந்தவரையும் உள்ளே இழுத்துவிடும். பார்க்க அமைதியாக இருந்தாலும் ஷட்டருக்கு மேலும் கீழும் எந்தப் படகையும் கொண்டுபோகக் கூடாது. பல ஆறுகள் கூடிக் கடலோடு கலக்கும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. சொந்தப் படகை இறக்க நினைப்பவர்கள் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும்.

மடக்கி பஸ்ஸில் ஏறிய கயாக்

கயாக் என்பது ஆர்க்டிக் பகுதியின் இனுவிட் மக்கள் கொடுத்தது. மரக்கட்டை, எலும்புச் சட்டத்தின் மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்திச் செய்தார்கள். ஒரே ஆள் தூக்கிப் போகலாம். நம் கட்டுமரமும் அப்படித்தான். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகத் தூக்கி, மணலில் காயப்போட்டுவிடலாம்.

1900-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் மடக்கு கயாக் வந்தது. ரயிலில் பையாகக் கொண்டுபோய், ஆற்றங்கரையில் பிரித்து மாட்டிக்கொள்ளலாம். அப்படி ஒரு படகில் 1932-ல் உல்ம் நகரிலிருந்து டான்யூப் ஆற்றில் கிளம்பினார் ஆஸ்கர் ஸ்பெக் என்ற வேலையில்லாத எலெக்ட்ரீஷியன். சைப்ரஸுக்குப் பிறகு சிரியாவில் கரையேறியவர், படகை மடக்கி பஸ்ஸில் ஏற்றி யூப்ரடீஸ் ஆற்றுக்குப் போனார். அங்கிருந்து பாரசீக வளைகுடா, கராச்சி, பம்பாய், இலங்கை. பிறகு இந்தியாவின் கிழக்குக் கரையோரமாகவே பர்மாவை நோக்கித் துடுப்புப் போட்டார். 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவை அடைந்தபோது உலகப் போர் தொடங்கியிருந்தது. ஜெர்மானியர் என்பதால் அவரைக் காவலில் வைத்துவிட்டார்கள்.

ஏழு ஆண்டுப் பயணம் அது. நடுவில் அந்த பஸ் இல்லாவிட்டால், கடலிலிருந்து யூப்ரடீஸுக்கு அவர் படகு போயிருக்காது.

எங்கே வைப்பது?

சாதாரண கயாக் 10 முதல் 14 அடி நீளம், 20 முதல் 30 கிலோ எடை. கார் கூரைக்கு இது பெரிய விஷயமில்லை. கேரவனில்தான் சிக்கல். கூரை ஏறக்குறைய பத்தடி உயரத்தில் இருக்கும். அங்கே ஏ.சி., சோலார் பேனல், காற்றுத் திறப்பு எல்லாம் ஏற்கெனவே இடம் பிடித்திருக்கும். வழவழப்பான, காற்றடித்தால் ஆடும் ஒரு பொருளை ஏணியில் நின்று மேலே ஏற்றுவது ஒருவர் செய்யும் வேலையே அல்ல. இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். மூன்று பேர் இருந்தால் நிம்மதி.

‘பின்பக்கம் குறுக்கே கட்டிவிடலாமே?’ என்று தோன்றும். கூடாது. வண்டியின் அகலம் ஏழடிதான் என்றால், 12 அடி கயாக் இரண்டு பக்கமும் இரண்டரை அடி நீட்டிக்கொண்டிருக்கும். நெல் மூட்டையோடு வரும் டூவீலர்காரர் தலைக்கு நேராக அது வரும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் செய்த திருத்தப்படி, அனுமதித்த அளவுக்கு மேல் பக்கவாட்டிலோ முன்னும் பின்னுமோ உயரத்திலோ பாரம் நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம். பாரத்தை இறக்கும் செலவும் நம் தலையில்தான். கூரையில் கேரியர் பொருத்தும் முன், அது அனுமதிக்கப்பட்டதா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதும், கூரை எவ்வளவு எடை தாங்கும் என்று வண்டியின் கையேட்டில் பார்ப்பதும் அவசியம்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்குச் சுலபமான வழி, காற்றடைக்கும் கயாக். மடித்தால் ஒரு பெரிய பைக்குள் அடங்கி வண்டிக்குள்ளேயே வந்துவிடும். கூரை, ஏணி, அபராதம் என்ற எந்தக் கவலையும் இல்லை.

எப்படிக் கட்டுவது?

வைக்கோல் லாரியைப் பாருங்கள். மலை போல ஏற்றியும் சரியாமல் போகிறதென்றால், அது கயிற்றின் முரட்டுத்தனத்தால் அல்ல. எந்தப் பக்கம் சரியும் என்று தெரிந்து கட்டியதால். கயாக்குக்கும் அதேதான்.

* குறுக்கே இரண்டு பட்டை வார் வேண்டும். ஒன்று முன்பாதியில், இன்னொன்று பின்பாதியில். படகுக்கும் கேரியருக்கும் நடுவே ஸ்பான்ஜ் வையுங்கள்.

* படகின் மூக்கிலிருந்தும் வாலிலிருந்தும் வண்டிக்குத் தனித்தனிக் கயிறு கட்டுங்கள். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று மூக்கைத் தூக்கப் பார்க்கும். லாரி எதிரே கடந்துபோனால் ஒரு உதறு உதறும். குறுக்கு வாரை மட்டும் நம்பக் கூடாது.

* பலம் கொண்ட மட்டும் இறுக்காதீர்கள். பெரும்பாலான கயாக்குகள் பிளாஸ்டிக். சித்திரை வெயிலில் இறுக்கிக் கட்டி நிறுத்தினால் அடிப்பாகம் குழிந்துவிடும். கையால் ஆட்டினால் படகும் வண்டியும் சேர்ந்து ஆட வேண்டும். அதுதான் சரியான இறுக்கம்.

* கிளம்பிய ஐந்தாவது கிலோமீட்டரில் நிறுத்தி, எல்லா முடிச்சையும் தொட்டுப் பாருங்கள். புதிதாகக் கட்டியது தளர்வது அங்கேதான்.

* படகோடு சேர்த்து மொத்த உயரத்தை அளந்து, டிரைவர் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள். ரயில்வே சுரங்கப்பாதை, தாழ்ந்த புளியங்கிளை, தெருக் குறுக்கே தொங்கும் கேபிள் வயர் என்று டெல்டா ஊர்களில் தலைக்கு மேல் நிறைய இருக்கிறது.

பொழுதுபோக்கு மட்டும் அல்ல

படகை வண்டியில் ஏற்றத் தெரிந்திருப்பது, சில நேரம் உயிர் காக்கும் வித்தை. வெள்ளம் வருவது ஊருக்குள். படகு நிற்பது கடற்கரையில். நடுவில் இருப்பது ரோடு.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, மீனவர்கள் தங்கள் படகுகளை வண்டிகளில் ஏற்றிக் குடியிருப்புகளுக்குக் கொண்டுவந்தார்கள். 2018 ஆகஸ்டில் கேரளத்திலும் அதுவே நடந்தது. ஃபைபர் படகுகளைத் தோள்கொடுத்து லாரியில் ஏற்றி, தண்ணீர் சூழ்ந்த உள்நாட்டு ஊர்களுக்கு விரைந்தார்கள். அந்த மாநில அரசின் கணக்குப்படி 669 படகுகள், சுமார் 4,500 மீனவர்கள், காப்பாற்றப்பட்டவர்கள் 65,000 பேர். பெண்கள் படகில் ஏற, தண்ணீரில் குனிந்து தன் முதுகையே படியாக்கிய மீனவரின் வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு.

அந்தப் படகுகள் பல, மூழ்கிய மதில்களில் மோதிச் சேதமாயின. கடலுக்குச் செய்த படகு தெருவில் ஓடினால் அப்படித்தான். ஆனாலும் லாரியில் ஏற்றுவதற்குள் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால், மொட்டை மாடியில் காத்திருந்தவர்கள் நிலை என்ன?

அதே ஆண்டு நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த கஜா புயலை நாகை மாவட்டம் மறக்காது. மரங்கள் விழுந்து ரோடு அடைபட்டால், லாரி இருந்தும் பயனில்லை என்பதை அந்தப் புயல் காட்டியது. கடலோர ஊர்களில் ஐப்பசி பிறக்கும் முன்பே படகு எங்கே, லாரி யாருடையது, எந்த வழியாகப் போவது, கயிறும் வாரும் யார் வீட்டில் என்று பேசி வைத்துக்கொள்வதற்குச் செலவு ஒன்றுமில்லை.

சுற்றுலாவுக்குக் கயாக் வாங்குகிறவர்களும் இதைக் கவனிக்கலாம். ஆட்கள் எத்தனை பேரோ அத்தனை லைஃப் ஜாக்கெட், இரண்டு நல்ல வார், நீளமான கயிறு. உப்புத் தண்ணீரில் போய்வந்தால் படகோடு சேர்த்து வாரையும் கொக்கியையும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து எடுத்துவையுங்கள். துருப்பிடித்த கொக்கி அறுந்துவிழப்போவது ஆற்றில் அல்ல, நெடுஞ்சாலையில்... பின்னால் வருகிறவர் மேல்.